பழைய ஸ்லைடுகளில் காட்டுயிர்: மீட்பும் அதன் எல்லையும்

1956ஆம் ஆண்டு மெக்சிகோவின் துராங்கோ மாநில மலைக்காட்டில், வில்லியம் ரைன் என்ற அமெரிக்கப் பல்மருத்துவர் கோவேறு கழுதையின் முதுகில் இருந்தபடி 16 மி.மீ. கேமராவைக் கையில் பிடித்து ஒரு பறவையைப் படமெடுத்தார். உலகின் மரங்கொத்திகளில் மிகப் பெரியதான இம்பீரியல் மரங்கொத்தி அது. பைன் மரத்தில் தொற்றி ஏறுவதும் பறந்து போவதுமாக மொத்தம் 85 நொடிகள் பதிந்தன. படம் முழுக்க ஆட்டம். ஆனால் அந்தப் பறவையை உயிருடன் காட்டும் படப்பதிவாக இன்று நம்மிடம் இருப்பது அது ஒன்றே. பறவை அநேகமாக அற்றுப்போய்விட்டது. அரை நூற்றாண்டு கழித்து மார்ட்யான் லாமர்டிங்க் தலைமையிலான ஆய்வாளர்கள் அந்தச் சுருளைக் கணினியில் ஏற்றி, ஆட்டத்தை நீக்கி, சிறகடிப்பின் வேகத்தையும் மரமேறும் விதத்தையும் அளந்து, 2011இல் ‘தி ஆக்’ இதழில் வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்தது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். கேமரா சேர்த்த ஆட்டத்தை எடுத்தார்கள். பறவைக்கு ஒரு இறகைக்கூடச் சேர்க்கவில்லை. பழைய காட்டுயிர்ப் படங்களை மீட்பது பற்றிப் பேசும்போது எனக்கு இதுவே அளவுகோல். கேமராவும் வேதியலும் காலமும் படத்தின் மேல் ஏற்றியவற்றைக் கழிக்கலாம். பிலிமில் பதியாத ஒன்றை விலங்கின் உடலில் ஏற்றக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. மேசையில் ஒரு ஸ்லைடை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கழிப்பதும் ஏற்றுவதும் எங்கே பிரிகின்றன என்பது ஒவ்வொரு கட்டத்திலும் சிக்கலாகிறது.

டிஜிட்டல் கேமரா வருவதற்கு முந்தைய முப்பது நாற்பது ஆண்டுகளின் வண்ணக் காட்டுயிர்ப் படங்களில் பெரும்பகுதி ஸ்லைடுகளாகவே இருக்கின்றன. பத்திரிகைகளும் புத்தகப் பதிப்பாளர்களும் அச்சுக்கு ஸ்லைடைத்தான் கேட்டார்கள். நெகட்டிவில் படம் தலைகீழான நிறத்தில் இருக்கும். அச்சிடுபவர் கையில்தான் அது படமாகும். ஸ்லைடு அப்படியல்ல. காட்டில் கேமராவுக்குள் இருந்த அதே 36க்கு 24 மி.மீ. பிலிம் துண்டுதான் இரண்டு அங்குலச் சட்டத்துக்குள் நம் கையில் இருக்கிறது. அதற்கு இன்னொரு மூலம் கிடையாது. பத்திரிகைக்கு அனுப்ப எடுத்த நகல் ஸ்லைடுகள் பல பெட்டிகளில் கலந்து கிடக்கும். அவற்றில் வெளிர்பகுதியும் நிழலும் கடுமையாகிப்போய், கூர்மையும் ஒரு படி குறைந்திருக்கும். எந்த மீட்புக்கும் முதல் வேலை, கையில் இருப்பது மூலமா நகலா என்று பார்ப்பது.

அடுத்து, எந்த பிலிம் என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மூப்படைகிறது. கோடாக்ரோம் 1935இல் சினிமாச் சுருளாக வந்தது, அடுத்த ஆண்டு 35 மி.மீ. ஸ்லைடாகக் கிடைத்தது. லியோபோல்ட் மான்னஸ், லியோபோல்ட் கோடோவ்ஸ்கி என்ற இரண்டு இசைக் கலைஞர்களின் கண்டுபிடிப்பு அது. சாயத்தை உண்டாக்கும் பொருள் பிலிமில் இருக்காது. கழுவும்போதுதான் உள்ளே போகும். அதனால் இருட்டில் வைத்த கோடாக்ரோமின் நிறம் பல பத்தாண்டுகள் ஆனாலும் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் புரொஜெக்டர் விளக்கை அது தாங்காது. வண்ணப் படங்களின் ஆயுளைப் பற்றி 1993இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்ட ஹென்றி வில்ஹெல்ம், திரையில் காட்டும்போது எக்டாக்ரோம், ஃபூஜிக்ரோம் இரண்டையும்விட கோடாக்ரோம் விரைவாக வெளுக்கும் என்று சோதித்துக் காட்டினார். விளைவு என்னவென்றால், ஒருவருடைய மிகச் சிறந்த புலிப் படம், பள்ளிகளிலும் சங்கங்களிலும் திரும்பத் திரும்பக் காட்டிய படம், வெளுத்திருக்கும். அதே சுருளில் சரியில்லை என்று ஒதுக்கிய அடுத்த படம் புதிது போல இருக்கும். நிறம் திருத்துபவருக்கு அந்த ஒதுக்கப்பட்ட ஸ்லைடுதான் நம்பகமான சாட்சி. அதே நாள், அதே வெளிச்சம், அதே புல். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினால் ஊகத்துக்கு அவ்வளவாக வேலை இல்லை. ஆகவே ‘நல்லதை மட்டும்’ வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடும் வழக்கம் பெரிய இழப்பு.

எக்டாக்ரோம் 1946இல் வந்தது. 1970களின் நடுவில் இ-6 என்ற கழுவும் முறை வருவதற்கு முன் கழுவியவற்றில் பல இன்று செக்கச் செவேலென்று இருக்கின்றன. சிவப்பு கூடியதால் அல்ல, சியான் சாயம் வெளுத்ததால். கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபெனில் தயாரான ஓர்வோ பிலிம் இந்தியாவில் பரவலாகக் கிடைத்தது. அந்த ஸ்லைடுகளுக்குத் தனி வேதியல் முறை, தனிச் சிக்கல்கள். 1990இல் வந்த ஃபூஜி வெல்வியா இன்றும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அதன் பச்சையும் சிவப்பும் எடுத்த நாளிலேயே இயற்கையைவிடத் தூக்கலானவை. அதைக் ‘குறை’ என்று மங்கச் செய்வது மீட்பாகாது. படம் எடுத்தவர் அந்தத் தூக்கலான நிறத்தை அறிந்தே அந்த பிலிமைத் தேர்ந்தெடுத்தார்.

நம் ஊரில் சாயத்தைவிடப் பெரிய பகை பூஞ்சை. பிலிமின் மேல் படத்தைத் தாங்குவது ஜெலட்டின். அது பூஞ்சைக்கு உணவு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க அந்த நிலைதான். முதலில் ஓரத்தில் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும், பிறகு அவை நடுவுக்கு வரும். இதைத் தண்ணீரில் கழுவிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும்; இழையோடு படமும் போய்விடும். நீர் கலக்காத பிலிம் சுத்திகரிப்பான் மட்டுமே பாதுகாப்பு, அதையும் முக்கியமில்லாத ஒரு ஸ்லைடில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். கண்ணாடிச் சட்டம் போட்ட ஸ்லைடுகள் தூசியிலிருந்து தப்பின, ஆனால் ஈரத்தை உள்ளே பூட்டிக்கொண்டன. பிவிசி உறைகள் காலப்போக்கில் பிலிமைக் கெடுக்கும். பாலிப்ரொப்பைலீன் உறையே ஏற்றது. பெட்டியைத் திறந்ததும் காடி நாற்றம் அடித்தால், பிலிமின் அசிடேட் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பெட்டியைத் தனியே எடுத்துவைத்து முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

இனி ஸ்கேன். நல்ல ஸ்லைடின் கறுப்பு, அடர்த்தி அளவில் 3.6ஐத் தொடும், கேமராக் கணக்கில் சொன்னால் 12 ஸ்டாப். மேசைமேல் வைக்கும் சாதாரணத் தட்டை ஸ்கேனர் அந்த நிழலுக்குள் நுழையாது. பெட்டியில் அச்சிட்ட 6400 டிபிஐயில் பாதியைக்கூட அது உண்மையில் எட்டுவதில்லை. பிலிமுக்கென்றே செய்த நிக்கான் கூல்ஸ்கேன் போன்ற கருவிகள் 4000 டிபிஐயில் மி.மீட்டருக்கு 157 புள்ளிகளைப் பிடித்தன, அதாவது ஏறத்தாழ 79 கோட்டு இணைகள். குறைந்த மாறுபாட்டில் வெல்வியாவுக்கு ஃபூஜி தந்த அளவு 80. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. அதற்கு மேல் ஏற்றினால் கிடைப்பது பெரும்பாலும் கிரெயினின், அதாவது பிலிமின் மணித்துகள்களின், படம்தான். ஆனால் கூல்ஸ்கேனின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. இன்று பலர் நல்ல மேக்ரோ லென்ஸும் சீரான நிறமுள்ள விளக்குப் பலகையும் வைத்து டிஜிட்டல் கேமராவாலேயே ஸ்லைடைப் படமெடுக்கிறார்கள். ஸ்லைடும் சென்சாரும் துல்லியமாக இணையாக இருந்தால் இந்த முறை கூல்ஸ்கேனுக்கு நிகராக நிற்கிறது.

ஸ்கேனர்களில் தூசியை நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதி பற்றி ஒரு எச்சரிக்கை. அகச்சிவப்பு ஒளி சாயங்களை ஊடுருவிப் போகும். தூசியும் கீறலும் அதைத் தடுக்கும். அந்த நிழலை வைத்துக் கருவி தூசியைக் கண்டுபிடித்து நிரப்புகிறது. எக்டாக்ரோமில் இது அற்புதமாக வேலை செய்யும். கோடாக்ரோமின் சியான் சாயமோ அகச்சிவப்பையும் ஓரளவு விழுங்குகிறது. அதனால் படத்தின் கருமையான இடங்களையே கருவி தூசி என்று எண்ணி மெழுகிவிடும். காட்டுமாட்டின் தோளும் கருமந்தியின் முடியும் அப்படித்தான் வழவழப்பாகிப்போகின்றன. கோடாக்ரோமுக்கு ஊதுகுழல், மென்தூரிகை, பிறகு திரையில் கைவேலை. நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை. அந்தக் கைவேலையில் நான் பின்பற்றும் விதி இது: வானத்திலும் நீரிலும் விழுந்த கீறலைப் பக்கத்துப் பரப்பைக் கொண்டு மூடலாம். கண், அலகு, வரி, புள்ளி ஆகியவற்றின் மேல் விழுந்த கீறலை மூடினால் அதைக் குறிப்பில் எழுத வேண்டும், அல்லது கீறலை அப்படியே விட்டுவிட வேண்டும்.

நிறத்தைத் திருத்துவதில் பலரும் ஒரே பொத்தானை நம்புகிறார்கள். சாயம் அடர்த்திக்கு ஏற்ற விகிதத்தில் வெளுக்கிறது. நிழலில் நிறைய, வெளிர்பகுதியில் கொஞ்சம். ஆகவே முழுப் படத்தையும் ஒரே அளவு நகர்த்தினால் வானம் சரியாகி நிழல் கெடும், அல்லது நிழல் சரியாகி வானம் கெடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியே கறுப்பு முனையும் வெள்ளை முனையும் வைத்து, வளைகோட்டைப் படிப்படியாகத் திருப்ப வேண்டும். இதற்கு ஒரு நடுநிலைச் சாம்பலைத் தேடும் மென்பொருள், யானையைக் கண்டதும் அதைப் பிடித்துக்கொள்ளும். அங்கேதான் தவறு நடக்கிறது. செம்மண் காட்டு யானை சாம்பல் நிறமாக இருக்காது. மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டு செம்பழுப்பாக நிற்கும். அதைச் சாம்பலாக்கினால் புழுதிக் குளியலும் அந்த மண்ணும் படத்திலிருந்து போய்விடும், கூடவே பின்னால் உள்ள மூங்கில் நீலம் பாரிக்கும். கொக்கின் வெள்ளையும் சாம்பல் மந்தியின் கருமுகமும் இன்னும் நல்ல சாட்சிகள்.

இப்போது பலரும் முதலில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். பழைய படத்தைக் கூர்மையாக்க முடியுமா? முடியும், ஏன் மங்கலானது என்று தெரிந்தால். கோடாக்ரோம் 64 பிலிமில் நல்ல வெயிலில் எஃப்/5.6க்கு நொடியில் 500இல் ஒரு பங்கு கிடைக்கும். விடிகாலைக் காட்டு நிழலில் வெளிச்சம் நான்கு ஸ்டாப் குறையும். ஷட்டர் 30இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடிக்க 400இல் ஒரு பங்காவது வேண்டும் என்பது படக்காரர்களின் பழைய கணக்கு. தேவைக்குப் பதின்மூன்று மடங்கு மெதுவான ஷட்டரில், தானியங்கிப் போகஸ் இல்லாத லென்ஸில் எடுத்த படங்கள் அவை. 1985இல் மினோல்டா 7000 வந்த பிறகே தானியங்கிப் போகஸ் பரவலானது. இந்த நிலையில் அவர்கள் எடுத்துத் தந்த கூர்மையான படங்களே வியப்புக்குரியவை.

மங்கலின் காரணத்தை விலங்கின் கண்ணே சொல்லும். சூரியனோ திறந்த வானமோ கண்மணியில் ஒரு சிறு ஒளிப்புள்ளியாக விழுந்திருக்கும். ஸ்கேனைப் பெரிதாக்கி அதைப் பாருங்கள். புள்ளி ஒரு கோடாக இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. கோட்டின் நீளமும் திசையும்தான் ஆட்டத்தின் அளவு. வட்டத் தட்டாக விரிந்திருந்தால் போகஸ் தவறியிருக்கிறது. கண்ணில் புள்ளி கூர்மையாக இருந்து வால் மட்டும் கலங்கியிருந்தால் அசைந்தது விலங்கு. அதைத் திருத்தத் தேவையே இல்லை, அது நடந்த நிகழ்ச்சி. இரு மூலைகள் மட்டும் மங்கலாக இருந்தால் குற்றம் பழைய காட்டில் அல்ல, ஸ்கேன் மேசையில். பிலிம் சட்டத்துக்குள் வளைந்திருக்கிறது. சட்டத்தை மாற்றி மீண்டும் ஸ்கேன் செய்தால் சரியாகிவிடும்.

காரணம் தெரிந்த மங்கலைக் கணக்கால் பின்னோக்கி அவிழ்க்கலாம். 1970களில் ரிச்சர்ட்சனும் லூசியும் தனித்தனியே தந்த முறை இன்றும் பயன்படுகிறது. ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடி பிழையாகத் தேய்க்கப்பட்டிருந்தது 1990இல் தெரிந்தபோது, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும்வரை, இந்த வகைக் கணக்குகளால்தான் படங்களைத் தெளிவாக்கினார்கள். ஹபிளுக்கு இருந்த வசதி, பிழையின் வடிவம் தெளிவாகத் தெரியும் என்பது. நமக்கோ கிரெயின் குறுக்கே நிற்கிறது. கணக்கை ஓரளவுக்கு மேல் ஓட்டினால் புலியின் வரி தெளிவதற்கு முன் கிரெயின் புழுபோல் நெளியத் தொடங்கும். சிறிய ஆட்டத்துக்கு இது உதவும். பெரிய போகஸ் பிழைக்கு உதவாது.

எல்லோரும் அறிந்த அன்ஷார்ப் மாஸ்க் கணினிக்கு முந்தையது. இருட்டறையில் நெகட்டிவோடு அதன் மங்கலான நகலைச் சேர்த்து அச்சிட்டு விளிம்பை எடுப்பாக்கினார்கள். அது புதிய விவரம் எதையும் தருவதில்லை, இருக்கும் விளிம்பின் மாறுபாட்டைக் கூட்டுகிறது. அளவு மிஞ்சினால் புள்ளிமானின் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெள்ளை வளையம் விழும். வானத்தையும் மங்கிய பின்னணியையும் மறைத்து, விலங்கின் விளிம்புகளுக்கு மட்டும், அதுவும் இறுதி அளவுக்குக் குறைத்த பிறகு கொடுப்பதே நல்லது. 4000 டிபிஐ ஸ்கேன் 5669 புள்ளி அகலம். 12 அங்குல அச்சுக்கு 3600 போதும். அந்த அளவுக்குக் குறைக்கும்போதே பாதி மங்கல் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பழைய படத்துக்கு நேர்மையான, மிகப் பயனுள்ள கூர்மைச் சிகிச்சை அதைச் சிறிதாக அச்சிடுவது. சுவர் நிறையப் பெரிதாக்க வேண்டும் என்ற ஆசைதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வழிவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் அந்த ஆசையைத் தீர்க்க வந்தவை. கோடிக்கணக்கான கூர்மையான படங்களையும் அவற்றின் மங்கலான வடிவங்களையும் பார்த்துப் பழகி, இந்த மங்கலுக்குப் பின்னால் பெரும்பாலும் எது இருந்திருக்கும் என்று நிரப்புகின்றன. கிரெயினைக் குறைப்பதில் அவை உண்மையிலேயே திறமையானவை. பின்னணியில் பயன்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. விலங்கின் உடலில் பயன்படுத்தும்போது நடப்பதை ஒரு பறவையை வைத்துப் பார்க்கலாம்.

கோடியக்கரைச் சேற்றில் கொசு உள்ளான்கள் கூட்டமாக மேயும். அதே அளவில், பனிக்காலத்தில் ஏறத்தாழ அதே நிறத்தில் கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒன்று உண்டு. உலகில் மிக அருகிவிட்ட பறவைகளில் ஒன்று. முன்பு கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அலகின் நுனி. கரண்டியின் அகலம் சுமார் ஒரு செ.மீ. 400 மி.மீ. லென்ஸில் 40 மீட்டர் தொலைவில் நிற்கும் பறவையின் அலகு நுனி, பிலிமில் ஒரு மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நம் ஸ்கேனில் அது பதினைந்து பதினாறு புள்ளிகள். படம் அதே அளவு ஆடியிருந்தால் அங்கே இருப்பது ஒரு சாம்பல் தீற்றல் மட்டுமே. மென்பொருள் அந்தத் தீற்றலைப் பார்த்து, தான் அதிகம் பார்த்துப் பழகிய அலகை, அதாவது ஒல்லியான கூரிய அலகை வரையும். உண்மையிலேயே கரண்டிமூக்காக இருந்திருந்தால் ஒரு அரிய பதிவு அங்கேயே அழிந்தது. மாறாகத் தீற்றலை அகலமாக்கி வரைந்துவிட்டால் இல்லாத பறவை ஒன்று பதிவேட்டில் ஏறும். இரண்டிலும் படம் பார்க்கத் தெளிவாக இருக்கும். மங்கலான படம் ‘தெரியவில்லை’ என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

புலிக்கும் இதே ஆபத்து. ஒவ்வொரு புலியின் வரியும் வேறு. தானியங்கிக் கேமராக்களின் படங்களை வைத்துப் புலிகளை எண்ணும் முறையே அந்த வரிகளின் மேல்தான் நிற்கிறது. 1970களில், 80களில் எடுத்த ஸ்லைடில் உள்ள ஒரு புலி யார் என்று நாளை ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடும். வரியைத் திருத்திய படம் அந்த ஒப்பீட்டுக்கு உதவாது, அதைவிட மோசமாக, தவறாக வழிகாட்டும்.

வண்ணமேற்றலையும் இங்கேயே சேர்த்துப் பார்க்க வேண்டும். தாஸ்மேனியாவின் ஹோபார்ட் விலங்குக் காட்சிசாலையில் 1933இல் டேவிட் ஃப்ளே எடுத்த, இன்று அற்றுப்போன தைலசின் என்ற விலங்கின் கருப்பு வெள்ளைப் படத்துக்கு 2021இல் வண்ணம் ஏற்றினார்கள். அருங்காட்சியகங்களில் உள்ள தோல்களைப் பார்த்து, மிகுந்த கவனத்துடன் செய்த வேலை. வண்ணமேற்றியது என்று சொல்லியே வெளியிட்டார்கள். அதனால் அதில் ஏமாற்று இல்லை. ஆனாலும் அது விளக்கப்படம், ஆவணம் அல்ல. நம்முடைய காட்டுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணன் யானைகளைக் கருப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அந்தப் படங்களுக்கு யாராவது வண்ணம் பூச நினைத்தால் வேண்டாம் என்றே சொல்வேன். அவர் நிறத்தைத் தவறவிடவில்லை, தேவையில்லை என்று விட்டார்.

இயற்கைப் படங்களுக்கான போட்டி விதிகள் இந்த எல்லையைத் தெளிவாகவே வைத்திருக்கின்றன. சர்வதேச ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்க ஒளிப்படச் சங்கம், பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் ஒப்புக்கொண்ட வரையறையில், கேமராவால் வந்த தூசிப்புள்ளி, இரைச்சல், பிலிம் கீறல் ஆகியவற்றை நீக்கலாம். காட்சியில் இருந்ததை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. போட்டிக்காக எழுதிய விதி என்றாலும், வீட்டுப் பெட்டிக்கும் நூலகச் சேகரிப்புக்கும் இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை. இதோடு ஒன்றைச் சேர்க்கலாம்: கை படாத மூல ஸ்கேனைத் தனியே வைத்துக்கொள்வது. 16 பிட் டிஃப் கோப்பாக ஒரு ஸ்லைடுக்குச் சுமார் 130 எம்பி. ஆயிரம் ஸ்லைடுகள் 130 ஜிபிக்குள் அடங்கும். இன்று அது பெரிய இடமல்ல. திருத்தும் முறைகள் மாறிக்கொண்டே இருக்கும். மூலக் கோப்பு இருந்தால் பின்னால் வருபவர் நம்மைவிட நன்றாகச் செய்துகொள்வார்.

ஸ்லைடில் படம் பாதிதான். மறுபாதி சட்டத்தின் மேல் இருக்கிறது. கோடாக் தன் அட்டைச் சட்டங்களில் கழுவிய மாதத்தையும் ஆண்டையும் அச்சிட்டது. அது படமெடுத்த நாள் அல்ல, அதற்குப் பிந்தையது. ஆனால் எல்லை காட்டும். பக்கத்தில் பென்சிலில் ‘முதுமலை, மாலை’ என்றோ ஒரு ஓடையின் பெயரோ எழுதியிருக்கும். எந்த ஓடையில் நீர்நாய் இருந்தது, எந்தச் சரிவில் புல் இருந்த இடத்தில் இன்று உண்ணிச்செடி மண்டியிருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பென்சில் எழுத்தோடு சேர்ந்தால்தான் படத்திலிருந்து கிடைக்கும். சட்டத்தை மாற்றும் அவசரத்தில் பழைய அட்டையைக் குப்பையில் போடுவது, படத்தில் பாதியைப் போடுவதுதான்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ காட்டுயிர் ஸ்லைடுகள் இருந்தால், அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்கேனருக்குக் காத்திருக்காமல் ஒவ்வொரு சட்டத்தின் இரு பக்கத்தையும் இன்றே செல்போனில் படமெடுத்து வையுங்கள். எடுத்தவர் நம்மோடு இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் காடு, எந்த ஆண்டு, எந்த விலங்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூர்மையாக்கும் வேலை பிறகு நடக்கட்டும். ஸ்கேன் முடிந்த பின்பும் ஸ்லைடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.